பொடியும் பொறாமையும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எட்மண்ட் ஐயர் அவர்களே, ஷிப்ட் முடிந்து முகம் கழுவவும் நேரமின்றி வந்தமர்ந்த பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் அடுப்புமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வந்தனம்.

ஒரு கேள்வி. விடை எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன். வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவள், அந்தப் பக்கத்துப் பச்சையைப் பார்த்து ஏன் பொருமுகிறாள்? அவள் பயிரை யாரும் பிடுங்கவில்லையே!

சிறந்த ராகிக்கான பரிசைப் பாப்பம்மாவுக்கு வழங்க என்னை அழைத்தீர்கள். வழங்குகிறேன். ஆனால் மூன்று ஆண்டுகளாக அவர் நிலத்தைப் பார்த்துப் பொருமியவள் நான் என்பதை மறைத்து வழங்கினால், அது பொய்.

அவர் கணவர் சகாயம் தங்கச் சுரங்க ஷாஃப்டிலிருந்து ஏறி வந்ததும் ஏர் பிடிப்பார். ராகிக்கு நடுவே அவரைக்கொட்டை விதைப்பார்கள். அறுத்த தரையை வெறுமையாக விடாமல் கொள்ளு தூவுவார்கள். கோடையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்டேனா? சென்னை சர்வகலாசாலையில் தாவர நூல் படித்தவள், எழுத்தறியாத பாப்பம்மாவிடம் கேட்கலாமா?

ஒரு சனிக்கிழமை, பொன்கல் அரைக்கும் மில் பக்கமிருந்து அவர் வண்டி வெள்ளையாய் எதையோ ஏற்றி வந்தது. வண்டிக்காரர் முனிரத்தினத்தை நிறுத்தி என்னவென்று கேட்டேன்.

“மில்லாண்டேருந்து பொடிம்மா.”

பொன் எடுக்க அரைத்த கல்லின் பொடி என்று என் படிப்பு முடிவு கட்டியது. மில்லுக்குப் பின்னால் குவிந்துகிடந்த வெள்ளை மண்ணைப் பத்து வண்டி அடித்து, நிலமெங்கும் பரப்பி விதைத்தேன்.

சிரியுங்கள், தாய்மார்களே, சிரியுங்கள். நம் லைன் வீடுகளில் பொடி என்றால் மில் பாய்லரின் விறகுச் சாம்பல். நீங்கள் பாத்திரம் துலக்குவது. நான் பரப்பியதோ, பொன்னைக் கரைத்தெடுக்க மருந்து கலந்த சக்கை மண். முளைத்த ராகி மூன்றே நாளில் கருகியது. நானும் என் தங்கை குடும்பமும் உண்ணும் நிலம் அது. அடுத்த மழைக்குள் தேறாவிட்டால் விற்க வேண்டியதுதான்.

என்ன, பாப்பம்மா? எல்லோரும் கேட்க உரக்கச் சொல்லுங்கள்.

“கேட்டிருந்தா சொல்லிருப்பேனே, டீச்சரம்மா. வரப்பாண்ட வந்து ஒரு வார்த்த பேசினீங்களா இன்னா?”

பேசவில்லை. படிப்பு எனக்குக் கண் தந்தது, வாய் தந்ததா? புத்தி தந்தது, பணிவு தந்ததா? இன்று கேட்கிறேன். உங்கள் விதையைக் கேட்கவில்லை, உங்கள் விளைச்சலைக் கேட்கவில்லை. செத்த என் மண்ணுக்கு உயிர் வரும் வழியைக் கேட்கிறேன். இத்தனை பேர் முன்னால், பாப்பம்மா, உங்களைக் கேட்கிறேன்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. பரிசு பெறும் கைகளுக்கு என் வணக்கம்.

இந்தப் பேச்சின் கீழே, மறுநாள் நடந்ததையும் எழுதி வைக்கிறேன். விடிந்ததும் பாப்பம்மா என் நிலத்துக்கு வந்தார். வழி எதுவும் சொல்லவில்லை. “மொதல்ல இத்த வழிச்சி எடுக்கணும்” என்று ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். உச்சிவேளை வரை வழித்தோம். நான் வழித்தது ஒரு பாய் அகலம். அவர் வழித்தது ஒரு களத்தின் அகலம். அதற்கும் பொருமினேன்.