எக்ஸ் போட்ட வாழ்த்து

கௌசர்: மெதுவா பேசு ஷைனி. உன் மாமியாரு அடுத்த ரூம்ல தான் கிறிஸ்மஸ் குடில் கட்டிகினு கீறாங்க.

ஷைனி: எங்க வூட்டுக்காரரு போட்ட வாழ்த்தை போஸ்ட்மேன் நேரா அவங்க கையில குட்த்துட்டாரு கௌசரு. நான் ரேஷன் கடைக்குப் போன நேரம்.

கௌசர்: பிரிச்சிட்டாங்களா?

ஷைனி: காலையில இருந்து கையில வெச்சிகினு சுத்தறாங்க. உள்ள எழுதினதைப் படிச்சிட்டாங்க. பின்னாடி திருப்பினாங்களான்னு தான் தெரியல.

கௌசர்: பின்னாடி இன்னா?

ஷைனி: ஜெயில் முத்திரை. உள்ளங்கை அகலத்துக்கு ஊதா கலர்ல. அங்க இருந்து வர்றது எல்லாத்துலயும் குத்துவாங்க.

கௌசர்: யா அல்லா. ஃப்ரெடி அண்ணன் கப்பல்ல கீறாருன்னு தானே அவங்க…

ஷைனி: ரெண்டு மாசமா அதே பொய். ஹார்பர் கேட்டாண்ட சண்டைய விலக்கப் போனவரையும் சேத்து புடிச்சினு போய்ட்டாங்கன்னு எப்டி சொல்வேன்? ஏப்ரல்ல தான் அவங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுது. ஜனவரியில ஜாமீன் கெடச்சிடும்னு வக்கீலு சொல்றாரு. அது வரைக்கும் தாங்கினா போதும்.

கௌசர்: உனக்குக் கஷ்டமா இல்ல?

ஷைனி: செவ்வாக்கெழம தவறாம அந்தோணியார் கோயிலுக்குப் போய்ட்டு வந்து, "கப்பல் நல்லபடியா கரை சேரணும்னு வேண்டிகினேன்"னு சொல்றாங்க. அப்ப மூஞ்சியை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல.

கௌசர்: வராங்க… மாவைப் புடி.

தேவப்பிரியம்: கிறிஸ்மஸ் பலகாரம், கல்கல்லு சுருட்டச் சொன்னா ரெண்டு பேரும் கதை சுருட்டிகினு கீறீங்களா?

கௌசர்: உங்க மருமக சுருட்டறதைப் பாருங்கம்மா. ஒண்ணு எறா மாதிரி, ஒண்ணு நண்டு மாதிரி.

தேவப்பிரியம்: எண்ணெயில போட்டா எல்லாம் ஒண்ணு தான். ஷைனி, இந்த வாழ்த்தைப் பாரு. என் புள்ள எழுதிகீறான், ஹேப்பி எக்ஸ்மஸ்ஸுன்னு.

ஷைனி: ஊரே அப்டித் தானே எழுதுது அத்த.

தேவப்பிரியம்: ஊர் எழுதட்டும். கிறிஸ்துவ எடுத்துட்டு அந்த எடத்துல இவன் பெருக்கல் குறி போடலாமா? தப்புக் கணக்கை வாத்தியாரு அடிக்கிற மாதிரி… சாமி மேல கோவமா கீறானோ? இன்னா கஷ்டமோ அவனுக்கு.

ஷைனி: கோவமெல்லாம் இல்ல அத்த.

தேவப்பிரியம்: நீ எப்டி கண்ட? நேர்ல பாத்தியா?

ஷைனி: ஃபோன்ல… சொன்னாரு. அது இங்கிலீஷ் எக்ஸே இல்லியாம். கிரேக்க எழுத்தாம். அவங்க பாஷையில கிறிஸ்துன்னு எழுதினா மொத எழுத்து அது தானாம்.

கௌசர்: அப்டியா?

ஷைனி: அந்தக் காலத்துல பைபிளைத் தோல் மேல கையால எழுதுவாங்களாம். எடம் பத்தாது, கையும் நோவும். அதனால சாமி பேரைச் சுருக்கி, மேல ஒரு கோடு இழுத்துடுவாங்க. கோடு மரியாதைக்கு. அப்பறம் இங்கிலீஷ்காரங்க மொத எழுத்தை மட்டும் வெச்சிகினாங்க. மஸ்ஸுன்னா பூசை. ஆயிரம் வருசத்துப் பழக்கமாம்.

கௌசர்: அப்ப சாமி பேரை அடிக்கல. சுருக்கிகீறாங்க.

ஷைனி: அதுவும் சாமியைக் கும்புடறவங்களே சுருக்குனது.

தேவப்பிரியம்: இதெல்லாம் கப்பல்ல யாரு சொல்லித் தராங்க?

ஷைனி: ஒரு ஃபாதரு வருவாராம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம.

தேவப்பிரியம்: நடுக்கடலுக்கா?

கௌசர்: கரையில நிக்கிறப்ப ஏறுவாரும்மா.

தேவப்பிரியம்: ம்… அப்ப அவன் சாமியை உடல.

ஷைனி: உடல அத்த. ஜெபமாலை கூட வெச்சிகீறாரு. நூல்ல முடிச்சு போட்டு அவரே செஞ்சது.

தேவப்பிரியம்: நூல்லயா? நான் குட்த்த வெள்ளி மாலை?

ஷைனி: அது… உப்புக் காத்துல கறுத்துடுமாம்.

தேவப்பிரியம்: சரி, மனசு ஆறிச்சி. இந்த வாழ்த்தைக் குடில் மேல மாட்டிடறேன். நாளைக்கு கேரல் பாட எல்லாரும் வருவாங்க. "ஃப்ரெடி லெட்டர் போட்டானா, ஃப்ரெடி லெட்டர் போட்டானா"ன்னு குத்திக் குத்திக் கேக்கறாங்களே… எடுத்துப் பாக்கட்டும்.

ஷைனி: வேணாம் அத்த.

தேவப்பிரியம்: ஏன்?

ஷைனி: அந்த எக்ஸு… பாக்கறவங்க தப்பா பேசுவாங்க.

தேவப்பிரியம்: இப்ப தானே ஆயிரம் வருசக் கதை சொன்ன.

ஷைனி: வர்றவங்க எல்லாருக்கும் நின்னு சொல்ல முடியுமா?

தேவப்பிரியம்: நான் சொல்றேன். தோலு மேல எழுதுனாங்க, எடம் பத்தல. என் புள்ள கோடு இழுக்க மறந்துட்டான், அவ்ளோ தான். அவனே சொன்னான்.

ஷைனி: யாரு சொன்னது?

தேவப்பிரியம்: ஃப்ரெடி தான்.

ஷைனி: அத்த… அவரு எப்ப சொன்னாரு?

தேவப்பிரியம்: அட்டையைத் திருப்பிப் பாரு.

ஷைனி: இது… இன்னா ஒட்டிகீறீங்க?

கௌசர்: நட்சத்திரம். தங்கக் காயிதத்துல… முத்திரையே தெரியல.

ஷைனி: அத்த, நான்…

தேவப்பிரியம்: அழாத, மாவுல உப்பு ஏறிடும். குடிலுக்கு வெட்டுன காயிதத்துல மிச்சம் இருந்துது, சோத்தைத் தேச்சு ஒட்டிட்டேன். இனிமே எவனும் படிக்க முடியாது. எக்ஸுன்னு ஆரம்பிச்சா அந்த ஃபாதரு கதை வரும், அதுலயாவது நீ வாயைத் தொறப்பன்னு பாத்தேன். "உனக்காகன்னு தான் ஷைனி திடமா நிக்கறா, உனக்குத் தெரியும்னு காட்டிக்காதம்மா"ன்னு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கெஞ்சினான். செவ்வாக்கெழம நான் போனது அந்தோணியார் கோயிலுக்கு இல்ல ஷைனி, புழல் ஜெயிலுக்கு, மனு போட்டு அவனைப் பாக்க. இந்த வாட்டி ஒண்ணா போலாம்.