பௌர்ணமிக்கு ஊசி இல்லை

"பௌர்ணமி வந்தா அவருக்கு ஊசி கிடையாதுக்கா."

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் தன் அக்காவிடம் இப்படிச் சொன்னாள். கிரிவலக் கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியே அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. அவள் எழுந்து எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன்.

"ஏன்டி, உன் வீட்டுக்காரருக்கு ஜெயில்லயே போட மாட்டாங்களா?"

"அவருக்கு ஈரல்ல கிருமிக்கா, ஹெபடைடிஸ் சி. அந்த ஊசி பெரியாஸ்பத்திரியிலதான் போடறாங்க. வாரம் தவறாம போட்டாத்தான் கிருமி சாகும்னு டாக்டர் சொல்லிட்டார். கூட்டிட்டுப் போக போலீஸ் வேணுமில்ல? போன பௌர்ணமிக்கும் ஆள் இல்லைன்னு விட்டுட்டாங்க. காலையில வேலூர் ஜெயில்ல மனு போட்டு அவரைப் பாத்தேனே, இந்த வாரமும் இல்லையாம். எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்களாம்."

"எங்க?"

"இங்கதான்."

அக்காவும் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "அவருக்குக் குணமாகணும்னுதானேடி மலை சுத்தறதா வேண்டிக்கிட்ட?" என்றாள்.

"ஆமா. ஒம்போது பௌர்ணமி. இது ரெண்டாவது."

ஒரு கான்ஸ்டபிள் படியில் ஏறி, "பஸ் இதுக்கு மேல போகாது. எல்லாரும் இறங்கி நடங்க" என்றார்.

அவள்தான் முதலில் இறங்கி, அந்தக் கான்ஸ்டபிளிடம் போய் நின்றாள்.

"சார், நீங்க வேலூரா?"

"ஆமாம்மா."

"எப்ப சார் திரும்பிப் போவீங்க?"

"நீங்கள்லாம் சுத்தி முடிச்சாத்தாம்மா."