இரண்டே இரண்டு பந்து

பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. என்னிடம் அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு ஐயா. பெற்றோர்களிடம் விசாரித்துப் பாருங்கள். பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அதட்டியதில்லை. அன்றும் அதட்டவில்லை, அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கூடைப்பந்து தெரியாது என்பது முகத்திலேயே தெரிகிறது. நம் நாட்டு அணி இருபத்திரண்டு வருடம் கழித்து உலகப் போட்டிக்குப் போனது. பன்னிரண்டு அணிகளில் பதினோராவதாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டாம் இடத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டும். கடைசி ஆட்டத்தில் நான்கு நொடி பாக்கி இருக்கும்போது நாம் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நம் ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அதாவது, யாரும் குறுக்கே வர மாட்டார்கள். கோட்டில் நின்று ஆற அமரக் குறிபார்த்து வளையத்தில் போட வேண்டியதுதான். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. எறிந்தவர், நாங்கள் செல்லமாக ‘ஏணி’ என்று கூப்பிடுகிற ஆறடி எட்டங்குலக்காரர். இரண்டுமே விழவில்லை.

ஊர் கொதித்துப்போனது. எங்கள் தெரு முடிதிருத்துகிறவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏணியின் படத்தைக் கிழித்து, அந்தத் துண்டுகளில் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார். என் மச்சான் தன் வீட்டு டிவியை உடைத்துவிட்டு, மறு ஒளிபரப்பைப் பார்க்க என் வீட்டுக்கு வந்தான். ரசிகர் குழுவில் யாரோ ஏணியின் போன் நம்பரைப் போட, இரண்டு நாள் இரவு பகலாகக் கூப்பிட்டு அவருடைய தாயார்வரை இழுத்துத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அந்த மாதிரி நாகரிகமற்ற பேச்சு பிடிக்காது. நம்பரைப் போட்டது நான்தான், வேன் பதிவேட்டில் இருந்தது. ஆனால் திட்டியவர்களில் நான் இல்லை. கடைசியில் அவர் போனை அணைத்து வைத்துவிட்டார்.

ஆமாம், அவர் மகள் என் வேன் பிள்ளைதான். எட்டு வயது, முன் சீட்டில் உட்காருவாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தபோது என்னிடம்தான் வந்து சொன்னாள்.

“அப்பாக்கு விரல் வீங்கியிருந்துது மாமா. யார்கிட்டயும் சொல்லவேயில்ல.”

விரல் வீங்கியிருந்ததாம். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவன் நான். அந்த வீட்டில் ஒருவருக்காவது வருத்தம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? இரண்டு பந்து எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்காவது புரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பன்னிரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள். தகவல் பெற்றோரின் போனுக்குப் போனது. ஏணியின் போன்தான் அணைந்து கிடந்ததே. அவர் மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். ஆகவே நான்கு மணிவரை பாப்பாவை யாரும் தேடப்போவதில்லை. நானும் பொறுப்பாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்காதது என் தப்பா?

மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் ஆடுகளத்துக்குப் போனேன். வார நாளில் அங்கே ஈ காக்கை வராது. வேனை நிழலில் நிறுத்தினேன். ஆடுகளத்தில் நிழல் கிடையாது.

“வீட்டுக்குப் போகலையா மாமா?”

“போலாம் பாப்பா. ரெண்டே ரெண்டு பந்து. அடுத்தடுத்து உள்ள போட்டுட்டா கிளம்பிடலாம்.”

முதலில் குதித்துக்கொண்டுதான் இறங்கினாள். என்னிடம் அணி முழுவதும் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்று உண்டு. அதில் தன் அப்பா கையெழுத்தைத் தேடிப்பிடித்து எனக்குக் காட்டினாள். வளையம் பத்தடி உயரம். அது உலக விதி, நான் வைத்த உயரம் இல்லை. கோட்டிலிருந்து நான்கு அடி முன்னால் வரவும் அனுமதித்தேன். அவள் அப்பாவுக்கு யாரும் அந்தச் சலுகையைத் தரவில்லை.

அரை மணி நேரம் பந்து வளையத்தைத் தொடவேயில்லை. ஒரு மணிக்குத் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். ஒன்றரைக்குக் கேட்டாள், கொடுத்தேன். இரண்டு மணிக்கு மறுபடியும் வந்து நின்றாள். ஆட்டத்தை நிறுத்தி இளைப்பாற டைம் அவுட் இரண்டுதான் என்று அன்பாக விளக்கிச் சொன்னேன். அவள் தண்ணீர் பாட்டில் என் மடியில்தான் இருந்தது. வேனுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

“தல சுத்துது மாமா.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டம் கைவிட்டுப் போகும்போதெல்லாம் அவள் அப்பாவும் அப்படித்தான் உட்காருவார். ஆகவே நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஒரு பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

“போட்டுட்டேன் மாமா. போலாமா?”

“இன்னும் ஒண்ணு இருக்கே.”

பிறகு பந்தை எடுக்கப் போனவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அப்படியே படுத்துவிட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். இருபது நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். தூக்கியபோது உடம்பு கை வைக்க முடியாமல் கொதித்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் நான்தான். வழியில் ஒரு சிக்னலைக்கூட மீறவில்லை.

ஏணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொல்லியிருக்கிறார். வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். பாப்பா போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னதும் அவ்வளவு உயரமும் மடங்கித் தரையில் உட்கார்ந்தது. அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வழியில் மயங்கிக் கிடந்தவளை நான் தூக்கி வந்ததாக நினைத்துக்கொண்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீங்களாவது வந்து பாத்தீங்களே அண்ணா. நான் அப்பன்னு வீட்ல படுத்துக் கிடந்தேனே.”

வலது கையில் நடுவிரல் வீங்கித்தான் இருந்தது.

ஊரே அவரைக் காறித் துப்பிக்கொண்டிருந்த நேரம் அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

“விடுங்க சார். அந்த ரெண்டு பந்த நான் மன்னிச்சிட்டேன்.”