ஜூன் முப்பத்தொன்று

— ஜூன் மாசத்துல முப்பத்தோராந்தேதின்னு ஒண்ணு இருக்கா?

— எங்க பாத்தே?

— சாப்பாட்டு மேசையில விரிச்சுப் போட்டுட்டு கால் கழுவப் போனீங்களே, இதுலதான். நாளைக்கு கிளினிக்ல காட்டப்போற, ரத்தத்துல சீனி எவ்வளவுன்னு எழுதுற புத்தகம். முப்பது வருஷம் ரயில்வேயில டைம் எழுதுன சபாபதி சாரு ஜூனுக்கு ஒரு நாள் கூடப் போட்டிருக்காரு.

— கைதவறி எழுதியிருப்பேன். குடு லா, ரமணி.

— இருங்க, முழுசாப் பாக்குறேன். ஆறு புள்ளி ரெண்டு. ஆறு புள்ளி நாலு. மறுபடி ஆறு புள்ளி ரெண்டு. ஒரு நாள்கூட சீனி ஏறவேயில்ல. மூணு மாசத்துக்கும் ஒரே பேனா, ஒரே மை. தினம் காலையில விரலக் குத்திப் பாத்து எழுதுனவர் எழுத்தா இது? ஒரே மூச்சுல உக்காந்து எழுதுனது. தடிகாவுல படிக்கிற அஞ்சு வயசுப் பிள்ளைகூட இதவிட நல்லாப் பொய் சொல்லும்.

— சரி, இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? விடிஞ்சா வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கிட்டு அந்தப் பரமேஸ்வரனோட பார்க்குக்குப் போய் கை தட்டிக் குதிக்கிறீங்க. வாய்விட்டுச் சிரிச்சா மனசு நல்லாருக்கும்னு எவனோ சொன்னானாம், பத்துக் கெழடுங்க வரிசையா நின்னு ஹா ஹான்னு கத்துதுங்க. ஜன்னல்லேர்ந்து பாக்குற எனக்கு மானம் போகுது. இவ்வளவும் பண்ணிட்டு வந்து பொய் எழுதி வச்சிருக்கீங்க.

— நீயும் ஒரு நாள் வாயேன். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்தப்ப அஞ்சு மணிக்கே எழுந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வருவே.

— அது ஊரு. தெரிஞ்ச முகம் நாலு எதிர்ல வரும். ஜீவன் கூப்பிட்டான்னு இந்த ஷா ஆலத்துக்கு வந்தோம், கார் இல்லாம இங்க உப்பு வாங்க முடியுமா? பெத்த புள்ள முகத்தையே ஞாயித்துக்கிழமைதான் பாக்குறேன். எங்க நடக்கச் சொல்றீங்க, ஹைவேயிலயா?

— பஜனைக் குழு லோகேஸ்வரி மூணு தடவ போன் பண்ணுச்சு. பஜனைக்கு அதோட கார்லயே ஏத்திட்டுப் போறேங்குது.

— அவ பாட்டக் கேக்குறதுக்கு நான் செவிடாவே இருந்துட்டுப் போறேன்.

— போன தடவ கிளினிக்ல ஒரு பாரம் நிரப்பச் சொல்லிக் குடுத்தாங்களே, மனசு எப்படி இருக்குன்னு. அதுல என்ன போட்டே?

— எல்லாத்துக்கும் திடாக், இல்லன்னுதான். தூக்கம் கெடுதா, இல்ல. அழுகை வருதா, இல்ல. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டேன். ஊர்ல உள்ளவங்க மனசெல்லாம் தெரிஞ்சு என்ன கிழிக்கப் போறாங்களாம்?

— ராத்திரி மூணு மணிக்கு ஹால்ல உக்காந்திருக்கியே.

— பேச்ச மாத்தாதீங்க. இனிப்புநீர் எனக்கும்தான் இருக்கு. எழுதலன்னா எழுதல, வெறும் பக்கமா விட்டுருக்கேன். உங்கள மாதிரி டாக்டர் கண்ணுல மண்ணத் தூவல. இந்தப் பொய்ய நம்பி டாக்டர் மருந்தக் குறைச்சு, நாளைக்குக் கால் விரல் கறுத்துப் போனா, ஆஸ்பத்திரிக்கு நான் சோறு தூக்கிட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்.

— தப்புதான். எழுதுனதுலேர்ந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— யோசிச்சு? கிழிச்சுப் போட வேண்டியதுதானே?

— முடியல.

— ஏன், கிளினிக்ல இருக்குற அந்த மிஸ்ஸிக்குப் பயமா? எழுபத்தோரு வயசுல ஒரு நர்சுக்கு நடுங்குற ஆம்பளைய இப்பதான் பாக்குறேன்.

— ஆமா, அந்த மிஸ்ஸிக்குத்தான் பயம். ரமணி, என் புத்தகம் பைக்குள்ள இருக்கு. அதுல பன்னெண்டு, பதினாலுன்னு உள்ளது உள்ளபடிதான் எழுதியிருக்கேன்.

— அப்ப இது?

— அட்டையத் திருப்பிப் பேரப் படி.

— ...என் பேருல்ல இருக்கு.

— போன தடவ உன் வெறும் பக்கத்தத் தூக்கிக் காட்டி, எல்லார் முன்னாடியும் அவ உன்னைப் பாத்துக் கத்துனா. வீட்டுக்கு வந்து நாலு நாள் நீ ரூம் கதவத் தொறக்கல, ஒரு வாய் சோறு திங்கல. இன்னொரு தடவ அந்தக் கதவுக்கு வெளிய நிக்கிற தெம்பு எனக்கு இல்ல லா. அந்தப் பயத்துல எழுதுனேனா, ஜூனுக்கு ஒரு நாள் கூடிப் போயிடுச்சு.