ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்

பூசணி, நீ போட்ட பூட்டை நான்தான்டா திறந்துவிட்டேன்.

மேலே உள்ளது என் தம்பியிடம் சொன்னது. அவன் இப்போது உயிரோடு இல்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுத வேண்டுமா என்று போலீஸ் அதிகாரி அம்மா கேட்டார். எழுதத்தான் வேண்டும், எல்லாம் அந்தப் பெயரில்தான் தொடங்கியது என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதி வாங்கப்பட்டன. வயது நாற்பத்து மூன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கணவர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். அதே நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் என் கூடப்பிறந்த தம்பி. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவனே. சின்ன வயதில் உருண்டையாக இருப்பான் என்று வீட்டில் பூசணி என்று கூப்பிடுவோம். ஆள் இளைத்த பிறகும் பெயர் இளைக்கவில்லை. வெளியாட்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நிலையத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயரும் வந்து சேரும் சின்ன அறை ஒன்று உண்டு. அதன் சாவி அவனிடம் ஒன்று, துடைப்பதற்காக என்னிடம் ஒன்று. அவன் எல்லோரையும் நச்சரிப்பான். ரிசப்ஷன் பெண் பாஸ்வேர்டை எழுதித் திரையில் ஒட்டினால் பிய்த்து அவள் கையிலேயே கொடுப்பான். தெரியாத மெயிலைத் திறக்காதே, கண்ட பென்டிரைவைச் செருகாதே என்பான். அதனால் அங்கே அவனுக்கு மாமியார் என்று பெயர். என்னிடமும் சொல்லியிருந்தான்.

"அக்கா, நானே வந்து திறன்னு சொன்னாலும் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத் திற."

"நீ எதிர்ல நிக்கும்போது உனக்கே எதுக்குடா போன்?"

"போடுக்கா. நானே எடுத்து சரின்னு சொல்றேன்."

சம்பவத்தன்று காலை, ஏழு மாத கர்ப்பிணியான தன் மனைவியை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக அவன் விடுப்பு எடுத்திருந்தான். புறப்படும் முன் இருவரையும் வாசலில் நிறுத்திப் போனில் வீடியோ எடுத்தேன். பழக்க தோஷத்தில் அவன் கழுத்தில் நிலையத்தின் அடையாள அட்டையை மாட்டியிருந்தான். "பூசணியும் குட்டிப் பூசணியும் ஸ்கேனுக்குப் போறாங்க" என்று என் குரலையும் சேர்த்து நெட்டில் போட்டேன். வேண்டியவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுதான் போட்டேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

அன்று மதியம் நிலையத்தில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஏணியோடு ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் எங்கள் நிலையத்து அட்டை மாதிரியே ஒன்று தொங்கியது. லைன் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். தம்பிக்குப் போன் போட வேண்டும் என்று சொன்னேன்.

"பூசணி சார்தான்கா அனுப்பினாரு. அண்ணியோட ஸ்கேன்ல இருக்காரு. அக்காகிட்ட சொல்லு, திறந்து விடுவாங்க, என்னைக் கூப்பிடாதேன்னாரு."

அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். நான் போன் போடவில்லை. கதவைத் திறந்தேன். தரை வழுக்கியதால் அவர் மேலே ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவர் போன பிறகு அவருடைய செருப்புத் தடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். மறுநாள் தூசி துடைக்கும்போது மேல் தட்டில் வயர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தம்பி வைக்கச் சொன்னது என்று நினைத்து அதையும் துடைத்தேன். வந்தவரைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் இந்தப் பேச்சே வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் எல்லாத் திரைகளிலும் ஒரே எழுத்து வந்து நின்றது. நோயாளிகளின் ரிப்போர்ட் எதையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். தம்பி மட்டும் பதறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, எந்த வயரிலும் மாட்டாமல் இரும்பு அலமாரியில் வைத்திருந்தான். "மாட்டாத வரைக்கும் இதை எவனும் தொட முடியாதுக்கா" என்பான். அதை மாட்டுவதற்கு முன், மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரையும் விசாரித்தான். கடைசியாக என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்த ரூமுக்குள்ள யாரையாச்சும் விட்டியா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன். தம்பியை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்துவிடுவேனோ என்றும் பயந்தேன்.

"நான் யாரைடா விடப் போறேன்?"

"எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்று மேனேஜரிடம் சொன்னான்.

அதன் பிறகு, இது ஏதோ மெயிலில் வந்திருக்கிறது என்று முடிவு செய்து, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அழித்துச் சுத்தம் செய்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, நகலைக் கொண்டுவந்து மாட்டினான். உள்ளே அந்தக் கறுப்புப் பெட்டி அப்படியே இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நகலும் பூட்டிக்கொண்டது. மறுநாள் ஒரு குழந்தைக்குத் திரும்பவும் ரத்தம் எடுத்தார்கள். நேற்று குத்தின கைதானே இது என்று அதன் அப்பா கேட்டபோது நான் வாளியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனேன்.

அன்று மாலை தம்பி அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கேமராவில் பதிவானதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீ கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் திரையை அணைத்தான். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன்.

"நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். "சரி, வீட்டுக்குப் போ" என்றான்.

அதன் பிறகு அவனை நான் உயிரோடு பார்க்கவில்லை. பைக்கில் வீட்டுக்குத் திரும்பும் வழியில், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். அவன் பையில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. கேமராப் பதிவில் அந்த ஒரு மதியம் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் வைத்து, அவனே ஆள் வைத்துச் செய்துவிட்டுத் தடயத்தை மறைத்தான் என்று நிலையத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவன் மனைவியிடம் தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பா முகம்தான் இல்லை, நல்ல பெயராவது மிஞ்ச வேண்டும்.

பதிவு அழிக்கப்பட்டது இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதில் கதவைத் திறந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவன் மறைத்தது அவனை அல்ல, என்னை. வந்த ஆளைக் காட்டினால் அடையாளம் சொல்வேன். எனக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், புகாரிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுங்கள்.

எழுதியதை அதிகாரி அம்மா இருமுறை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. ஒரு முறை பொய் சொன்ன வாயால் இந்த முறை உள்ளதைச் சொல்லியிருக்கிறேன்.

(கையெழுத்து)

கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னதும், கேட்டுக்கொண்டபடி கீழே சேர்க்கப்பட்டது:

பூசணி, எல்லாத்தையும் பார்த்துட்டு, சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டியே. யாரை உள்ள விட்டேன்னு இன்னொரு தடவை ஏன்டா என்னைக் கேக்கலை?