கயிறு பிடித்தவன் எங்கே?

மின்விசிறி சுழலாத மேடையிலும் மலர்ந்த முகத்தோடு தலைமை தாங்கும், தலைமையோடு வெக்கையையும் சேர்த்தே தாங்கும், பெருமதிப்புக்குரிய நேசராஜா ஐயா அவர்களே! முன்வரிசையில் முறுவலோடும் மூன்றாம் வரிசையில் முறைப்போடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! இரண்டு படத்துக்கும் அழுது ஒரே சேலைத்தலைப்பை நனைத்த தாய்மார்களே! மண்டபத்தின் இடக்கரையில் இறுகிப்போய் இருக்கும் என் பெரியண்ணை கோபிசங்கர் அவர்களே! வலக்கரையில், வாசலோரம், பயணப் பையோடு நிற்கும் என் சின்னண்ணை நிருஷன் அவர்களே! இரு கரைக்கும் நடுவில் அகப்பட்ட தங்கை தயாளினியின் வணக்கம்!

இன்று நீங்கள் பார்த்த இரண்டு படங்களும் ஒரே கூத்தின் வயிற்றில் பிறந்தவை. எடுத்த இருவரும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள். பாம்பு படம் எடுத்தால் சீறும் என்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணைமார் படம் எடுத்தார்கள். அன்று தொடங்கிய சீற்றம் இன்னும் அடங்கவில்லை! கதை எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. இடையிலே தூது நான். "தண்ணி மோட்டரை நிப்பாட்டச் சொல்லு அவனை" என்பார் பெரியண்ணை. நான் போய், "சின்னண்ணை, உங்களைக் கட்டிப்பிடிக்க வேணும் போலை கிடக்காம்" என்பேன். தொட்டி நிரம்பி வழிந்ததுதான் மிச்சம்!

சிரியுங்கள். ஆனால் வெளியே வான் வண்டி நிற்கிறது. சின்னண்ணை இன்று நோர்வேக்குப் போகிறார். அதற்குள் இந்த இருவரும் ஒரு சொல் பேசிக்கொள்வார்களா? படம் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், அதைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், எனக்குத் தெரியாதா?

என்ன, வான்கார கதிரவேலு அண்ணை, "கெதியாச் சொல்லு பிள்ளை, நேரம் போகுது" என்கிறீர்களோ? சொல்கிறேன். எந்தப் படம் மேல் என்று தீர்ப்புச் சொல்லத்தானே என்னை மேடை ஏற்றிவிட்டீர்கள்!

கூத்து அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டைமானாற்று முகத்துவாரம். கடல் கொந்தளிக்கிறது. அகப்பட்டவர்களை மீட்க முத்துமாணிக்கன் தோணி ஏறுகிறான். திரும்பமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தாயிடம், போய்த் திரும்பி வருபவன்போல, "போட்டு வாறன்" என்கிறான். தோணி வருகிறது. அவன் வரவில்லை. இதுதான் முத்துமாணிக்கன் கூத்து.

பெரியண்ணையின் படம் மத்தளமும் மணிமுடியுமாய் மரபு மாறாத படம். அந்தப் "போட்டு வாறன்" என்ற சொல்லை நீட்டி, நெளித்து, நெஞ்சுக்குள் இறக்கிவிட்டார். தாய் நம்புகிறாள், நாம் நடுங்குகிறோம். சின்னண்ணையின் படத்தில் தோணியும் இல்லை, துடுப்பும் இல்லை. இந்தக் காலத்துப் பெடியன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். நின்று, "போறன் அம்மா" என்கிறான்.

போறன்! எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவன்கூடச் சொல்லாத சொல்! இந்த ஒரு சொல்லில்தான் அண்ணைமார் உடைந்தார்கள். "கூத்தைக் கொல்லுறாய்" என்றார் ஒருவர். "நீ பொய்யைப் பாட்டாப் பாடுறாய்" என்றார் மற்றவர். ஒரு படம் இரண்டானது.

இரண்டிலும் தாயாக நடித்தவர் யோசப்பின் என்ற நம் அன்ரிதான். அந்த வசனத்தை அன்ரிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் கமராவை ஓடவிட்டார் சின்னண்ணை. "போறன்" என்றது காதில் விழுந்ததும் அன்ரி நடிப்பை மறந்தார். "ஐயோ ராசா, அப்பிடிச் சொல்லாதை! போட்டு வாறன் எண்டு சொல்லு!" என்று பாய்ந்து பெடியனின் வாயைப் பொத்தினார். படத்தில் நீங்கள் கண்டது அதுதான். அது நடிப்பா? அது பயம்! பெற்ற வயிற்றின் பயம்!

அப்படியென்றால் எது மேல்? பெரியண்ணையின் படத்தில் ஒரு சொல் தாயை ஏமாற்றுகிறது. சின்னண்ணையின் படத்தில் ஒரு தாய் அந்தச் சொல்லோடு சண்டை பிடிக்கிறாள். சிறந்தது எது?

சொல்லமாட்டேன்! ஏன்? இரண்டு படத்திலும் ஒரே ஆளைக் காணவில்லை!

கூத்தில் முத்துமாணிக்கனுக்கு ஓர் அண்ணன் உண்டு. பாட்டு இல்லை, வசனம் இல்லை. கரையில் நின்று தோணிக் கயிற்றைப் பிடித்திருப்பான். தாய் அனுப்பிவிடுவாள், ஊர் அனுப்பிவிடும். அவன் மட்டும் கயிற்றை விடமாட்டான். தோணி இழுக்கும், கை கிழியும், அப்போதும் விடமாட்டான். அந்த வேடத்தை நான் கேட்டேன். "தாடி வளரட்டும், பிறகு பாப்பம்" என்றார்கள். கடைசியில் இருவருமே அதை வெட்டிவிட்டார்கள். ஒரு சொல்லுக்காக உலகையே இரண்டாக்கிய நீங்கள், அண்ணனை வெட்டுவதில் மட்டும் எப்படி ஒற்றுமையானீர்கள்? காட்சியை ஒட்டத் தெரிந்தவர்களே, கயிறு பிடித்தவன் எங்கே? கேட்கிறேன், கயிறு பிடித்தவன் எங்கே?

பொறுங்கள், கைதட்டாதீர்கள். சின்னண்ணை பையைத் தூக்கிவிட்டார்... அங்கே பாருங்கள், பெரியண்ணை எழும்புகிறார். வழி விடுங்கள். வந்துவிட்டார். பையின் வாரைப் பிடித்துவிட்டார். ஆனால் பார்ப்பது என்னை!

"தயா, உவனிட்டைக் கேள், சுவெற்றர் வைச்சவனோ எண்டு."

தூதரகம் மூடியாகிவிட்டது, பெரியண்ணை! ஆள் பக்கத்தில்தான் நிற்கிறார், நீங்களே கேளுங்கள்.

தாய்மார்களே, மூச்சுக்கூட விடாதீர்கள். நானும் வாயை மூடுகிறேன்.

"சுவெற்றர் வைச்சனியோடா?"

"...இல்லை அண்ணை. மறந்துபோனன்."

"மடையா. என்ரை கிடக்கு. வா, வீட்டை போய் எடுத்துக்கொண்டு போவம். நானும் எயாப்போட்டுக்கு வாறன்."

சபையோரே! தீர்ப்பைத் தேடாதீர்கள், அது வாசலால் நடந்து போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கை, ஒரு பை! பொறுமை காத்த தலைவருக்கும், பயந்து காட்டிய யோசப்பின் அன்ரிக்கும், இனித் தட்டப்போகும் உங்கள் எல்லோர் கைகளுக்கும் நன்றி, வணக்கம்! கதிரவேலு அண்ணை, என்னை விட்டிட்டு வானை எடுத்துப் போடாதையுங்கோ, நானும் வாறன்!