பாத்ரூமில் எறும்பு

— என்னங்க, இங்க வாங்க. சீக்கிரம்!

— நீ ஆபீஸ்ல இருந்து வந்து பையைக்கூட இறக்கல, பாத்ரூமுக்குள்ள என்ன தாயே பஞ்சாயத்து? நான் கடைக்கு ஒருநாள் லீவு போட்டது குத்தமா?

— தரையைப் பாருங்க.

— எறும்பு. அதுக்கென்ன, வாடகையா கேட்க முடியும்?

— காலையில ஆசிட் ஊத்தித் தேய்ச்சுட்டுத்தானே போனேன். ஆசிட் ஊத்தின இடத்துல எறும்பு மொய்க்குமா?

— மொய்க்காதுதான்.

— இந்தப் பாட்டிலைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டுது. இது எலுமிச்சை சர்பத்துங்க.

— அடடே. நம்ம பாத்ரூமுக்கு விருந்து வெச்சிருக்கே.

— சிரிக்காதீங்க! நேத்து, நாம கொண்டுபோற பாட்டில்லயே ஊத்திக் குடுக்கிற அந்தச் சில்லறைக் கடையில சர்பத், ஆசிட் ரெண்டையும் ரொப்பிட்டு வந்தேன். ரெண்டும் பழைய பாட்டில், லேபிளை நான்தான் ஊறவெச்சு உரிச்சேன். ரெண்டும் மஞ்சள், ரெண்டும் எலுமிச்சை வாசனை. வீட்டுக்கு வந்துதான் ஆசிட்டுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். மாத்திக் கட்டிட்டேன்! அப்போ சமையலறையில இருக்கிறது...

— பதறாதே.

— பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்ததும் என்ன குடிச்சா?

— அது வந்து...

— வாயைத் திறங்க! அந்தப் பாட்டில்ல இருந்து கலக்கிக் குடுத்தீங்களா?

— குடுத்தேன். ரெண்டு தம்ளர். இப்ப படுத்திருக்கா.

— ஐயோ, படுத்திருக்காளா! வயிறு எரியுதுன்னாளா? வாந்தி எடுத்தாளா? ஆட்டோவைக் கூப்பிடுங்க! குப்பையைக் குறைக்கிறேன் குறைக்கிறேன்னு பெத்த பிள்ளை வயித்துலயே நெருப்பை வெச்சுட்டேனே. பாப்பா! எழுந்திரு கண்ணு!

— அவளை எழுப்பாதே. சொல்றதைக் கேளு. அவளுக்கு ஒண்ணும் ஆகாது.

— நீங்க என்ன டாக்டரா?

— டாக்டர் இல்ல, திருடன். அவ குடிச்சது நீ வாங்கினது இல்ல. நான் வாங்கினது. பெரிய கடை சர்பத், பிளாஸ்டிக் பாட்டில்ல.

— என்னது?

— நாலு மாசமா இதான் நடக்குது. உன் கடை சர்பத் எலுமிச்சைத் தோலைக் காய்ச்சின கஷாயம் மாதிரி இருக்கு, பாப்பா துப்பிடறா. நீ ரொப்பி வெச்சதை நான் வேற பாட்டில்ல மாத்திட்டு, உன் பாட்டிலை நல்லாக் கழுவி, நான் வாங்கினதை அதுல ஊத்தி வெச்சிடுவேன்.

— காலி பாட்டிலை என்ன பண்ணுவீங்க? நம்ம குப்பைக்கூடையில ஒண்ணுகூட விழலையே.

— கடத்தல்காரன் மாதிரி டிபன் பைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போய், நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக் குப்பைத்தொட்டியில போட்டுடுவேன்.

— மாசக் குப்பை ஒரு ஜாடிக்குள்ள அடங்குதுன்னு மாடி மாடியா ஏறிப் பெருமை பேசினேனே! ஆனா உங்க திருட்டுத்தனத்துக்கு இன்னைக்குக் கோயில் கட்டணும். என் பிள்ளை பிழைச்சாளே.

— தண்ணி குடி. உட்காரு.

— இருங்க. நான் ரொப்பி வெச்சதை நீங்க எப்போ மாத்தினீங்க?

— இன்னைக்குக் காலையில, நீ கிளம்பின பிறகு.

— மோந்து பார்க்கலையா?

— எலுமிச்சை வாசனைதான் வந்துச்சு. நாக்குல வெச்சுப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா, அந்தக் கஷாயத்தை.

— அதைச் சாக்கடையில கொட்டிட்டீங்கதானே?

— கொட்ட மனசு வரல. ஒரு சொட்டைக்கூட வீணாக்காதேன்னு நீதானே தினமும் பாடம் எடுக்கிறே. எப்பவும் கடையில கூட வேலை பார்க்கிறவங்களுக்குக் குடுப்பேன். இன்னைக்கு லீவாச்சே...

— யாருக்குக் குடுத்தீங்க? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— மத்தியானம் நம்ம தூக்குவாளியைத் திருப்பிக் குடுக்க வந்தவங்ககிட்ட, நீ ஆசையா வாங்கி வெச்சதுன்னு உன் பேரைச் சொல்லிக் குடுத்துட்டேன்... வெயிலுக்கு இதமா இருக்கும், வீட்டுக்குப் போனதும் கலக்கிக் குடிச்சிட்டுப் படுக்கிறேன்னு சொன்னாங்க, உங்கம்மா.